போட்டோவுக்குக் கொடுத்த சட்டை

துபாயில் ஒரு கல்லூரி மைதானத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என் தங்கை மகள் ஜெனி நன்றாக ஓடுவாள். இங்கே ஓட்டக்காரியாகச் சேர்த்துக்கொண்டால் ஃபீஸ் கிடையாது. கல்லூரியைச் சுற்றிப் பார்க்க இன்று வரச் சொன்னார்கள். நர்ஸான தங்கைக்கு டூட்டி. அதனால் ஷார்ஜாவில் நாங்கள் இருக்கும் ரோலாவிலிருந்து பஸ்ஸில் துணைக்கு வந்தேன்.

கோச் அம்மா என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். இங்கிலீஷ் தெரியாத நானும் சிரிக்கிறேன். அதோடு சரி. டீம் பிள்ளைகள் ஜெனியைச் சாப்பிடக் கூட்டிப் போகிறார்கள். இருவருக்கும் பொரித்துக் கொண்டுவந்த நெத்திலி டப்பா என் மடியில் மூடியபடி இருக்கிறது.

திரும்பும்போது ஜெனி கல்லூரிச் சட்டையில் வருகிறாள். புல்லுக்குத் தண்ணீர் விடும் தூத்துக்குடிக்காரரிடம் என் பையிலிருந்து ஒரு சிப்ஸ் பொட்டலத்தை எடுத்து நீட்டுகிறேன்.

"எடுத்துக்கிடுங்க தம்பி, எங்க பிள்ளைக்கு இடம் கிடைச்சிட்டு."

"ஐயோ அம்மா, அந்தச் சட்டைய வார பிள்ளையளுக்கெல்லாம் போட்டுவிடுவாவ. போட்டோ எடுத்துட்டுத் திருப்பி வாங்கிருவாவ. நேத்தும் நாலு பேரு போட்டாவ."

"அப்போ எப்ப சொல்லுவாவ?"

"மெயில் வரும். சிப்ஸ உள்ள வையுங்க. இடம் கிடைக்கட்டும், ரெண்டு கையாலயும் வாங்குதேன்."

ஜெனி சட்டையைக் கழற்றிக் கொடுக்க உள்ளே போகிறாள். என் போன் அடிக்கிறது. சட்டை போட்ட போட்டோவை ஜெனி தங்கைக்கு அனுப்பிவிட்டாள் போலிருக்கிறது.

"அக்கா, கிடைச்சிட்டுல்லா?" அழுகிறாள். பின்னால் மற்ற நர்ஸுகள் கைதட்டுவது கேட்கிறது.

"சட்டை அவளுக்கு நல்லா இருந்துச்சு" என்கிறேன்.