பீங்கான் உடைந்த சத்தம்

கொக்கட்டிச்சோலையில் எங்கள் வீட்டுக்குப் பிள்ளை பார்க்க வந்த மருத்துவமாது மெலிந்தவர், வெயிலில் கறுத்தவர். பிறந்த பிள்ளையைத் தொடுமுன் இரண்டு உள்ளங்கைகளையும் சூடேறும்வரை தேய்ப்பார்.

அன்றும் தேய்த்துக்கொண்டிருந்தார். என் புருஷன் குடிவெறியில் வந்தான். "சோறு எங்கடி?" என்று என் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். சோற்றுப் பீங்கானைத் தூக்கி அடித்தான். அது பிள்ளையின் தலைமாட்டில் சிதறியது. பிள்ளைமேல் குனிந்து மறைத்த மருத்துவமாதின் புறங்கையில் இரத்தம் வழிந்தது.

பிள்ளை திடுக்கிடவே இல்லை.

"மிஸ், இவளுக்குக் காது கேக்காதா?" என்று அலறினேன்.

அவர் பிள்ளையின் காதோரம் நாக்கால் மெல்ல "ட்ச்" என்றார். பிள்ளையின் தலை அந்தப் பக்கம் திரும்பியது.

"காது நல்லாக் கேக்குது மகள். உடையிற சத்தம் இவளுக்குப் பழகிப்போச்சு. வயித்துக்குள்ள இருக்கக்குள்ளயே கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கு."

அவர் அதை என் புருஷனுக்குச் சொன்னாரா, எனக்குச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அன்று பின்னேரமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன்னாமுனையிலுள்ள அக்கா வீட்டுக்கு பஸ் ஏறியவள் நான்தான்.