ஒருவேளை என்கிற என் தம்பி

என் தம்பியை வீட்டிலும் வெளியிலும் எல்லாரும் "ஒருவேளை" என்றுதான் கூப்பிடுவோம். வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான் முதலில் விழும். சின்ன வயதில் ஒருவேளை மழை வந்தால் என்று ஒரு குடை, ஒருவேளை அது தொலைந்தால் என்று இன்னொரு குடை எடுத்துப் போவான். இரண்டையும் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் தொப்பலாக நனைந்து வருவான். அப்போது இதற்காக அம்மாவிடம் அடி வாங்கினான். வளர்ந்தபின் இதற்காகவே சம்பளம் வாங்கினான். உலகம் எப்படி ஏமாந்தது பாருங்கள்.

தொழில் நடத்துகிறவர்களுக்கு எதிர்பாராத இடைஞ்சல் வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே திட்டம் போட்டுக் கொடுப்பது அவன் வேலை. கழுத்தில் டை, கையில் பச்சைக் கோப்பு. கடைக்குள் நுழைந்ததும் கூரையைப் பார்ப்பான், ஒயரைப் பார்ப்பான், "ச்சு" கொட்டுவான். அந்த ஒரு "ச்சு"விலேயே முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்காரச் சொல்வார். அதன்பிறகு அவன் எதை நீட்டினாலும் கையெழுத்துதான். எங்கள் தெருவில் அச்சகக்காரர், பல் டாக்டர், மருந்துக் கிடங்குக்காரர் என்று ஒருவரும் தப்பவில்லை.

எனக்கு மட்டும் புத்தி எங்கே போயிற்று? நான் குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறேன். முட்டைகளை இன்குபேட்டரில் வைத்து, குஞ்சாக்கிப் பண்ணைகளுக்குக் கொடுக்கிற தொழில். கரண்ட் போனால் விசிறி நிற்கும். கதவைத் திறந்தால் முட்டைக்குள் இருக்கும் குஞ்சு குளிரில் சாகும், மூடினால் மூச்சுமுட்டிச் சாகும். அதற்காகவே பின்பக்கம் பழைய ஜெனரேட்டர் ஒன்று வைத்திருந்தேன். தீராத சளிக்காரர் மாதிரி இருமும். ஆனால் ஓடும்.

தம்பி அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து "ச்சு" கொட்டினான்.

"அக்கா, இந்தக் காலத்துல இதையெல்லாம் யாராவது சொந்தமா வெச்சுப்பாங்களா? வித்துடு. மெயின் ரோட்டுல ஒருத்தர் வாடகைக்கு விடுறாரு. நான் பேசி வெச்சுட்டேன். ஒரு போன் போட்டாப் போதும், வாசல்ல வந்து நிக்கும்."

"அவர்கிட்டயும் இல்லன்னா?"

என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சிரித்தான். "நீ ரொம்பத்தான் பயப்படுறக்கா."

இதைச் சொன்னது ஒருவேளை! படித்தவன் சொல்கிறானே என்று தலையை ஆட்டிவிட்டு விற்றேன். வாங்கிக்கொண்டவர் அந்த வாடகைக்காரரேதான்.

ஒரு நாள் காலையில் காற்றும் மழையும் சேர்ந்து அடித்ததில் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. இன்குபேட்டரில் மறுநாள் பொரிய வேண்டிய முட்டைகள். காதை வைத்தால் ஓட்டுக்குள்ளிருந்து கீச்சுக் கீச்சென்று கேட்கும். போன் போட்டேன், எடுக்கவில்லை. ஓடினேன்.

வாடகைக்காரர் கடை வாசலில் அச்சகக்காரர், பல் டாக்டர், கிடங்குக்காரர் மூவரும் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். மூவர் தலையிலும், மழைக்கு மறைப்பாக, அதே பச்சைக் கோப்பு. எங்கள் எல்லாருக்கும் ஒரே திட்டத்தைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறான் மகராசன்!

"எல்லாரும் ஒரே நேரத்துல வந்தா நான் எங்கங்க போவேன்?" என்றார் வாடகைக்காரர். "என்கிட்ட இருக்கிறதே ஒண்ணு. அதையும் போன வாரமே ஒருத்தர் சொல்லிவெச்சு எடுத்துட்டுப் போயிட்டாரு."

"யாரு?"

"உங்க தம்பிதாம்மா. இன்னிக்கு அரங்கத்துல அவரு பேசுற கூட்டத்துக்காம்."

நாங்கள் நாலு பேரும் கூட்ட அரங்கத்தை நெருங்கும்போதே என் பழைய ஜெனரேட்டர் இருமுவது கேட்டது. உள்ளே விளக்கெல்லாம் பளபளவென்று எரிய, தம்பி மைக்கைப் பிடித்து அளந்துகொண்டிருந்தான். "ஒருவேளை மின்சாரம் தடைப்பட்டால்..." நான் பின்பக்கம் போய் ஜெனரேட்டரை நிறுத்தினேன். அரங்கம் இருண்டது.

"யாரது?"

"உன் அக்காடா."

நாலு பேருமாகத் தள்ளிக்கொண்டு வந்தோம். "எங்க மருந்து ஐஸ் பெட்டியில கொஞ்ச நேரம் தாங்கும்மா, மொதல்ல உங்களுதப் பாருங்க," என்றார் கிடங்குக்காரர். மாட்டி ஓடவிட்டதும் இன்குபேட்டரைத் திறந்து காதை வைத்தேன். மேல் தட்டு, நடுத் தட்டு, கீழ்த் தட்டு. எதிலும் ஒரு சத்தமும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் தம்பி வந்தான். டை நனைந்து சுருண்டிருந்தது.

"அக்கா, ஒருவேளை..."

"மண்வெட்டி மூலையில இருக்கு. குழி வெட்டு."

ஜெனரேட்டர் முன்பு நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே வெட்டினான். நான் முதல் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். அதில் ஒரு முட்டையில் ஓட்டை உடைத்துக் குஞ்சின் மூக்கு நுனி மட்டும் வெளியே நீட்டியிருந்தது. தம்பி அதை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். அவன் கையிலிருந்து அதில் ஒட்டிய மண்ணை டை நுனியால் துடைத்தான். எனக்கு இரக்கம் வந்தது. வந்ததற்காக என்மேலேயே எரிச்சலும் வந்தது.

"ஆழமா வெட்டு," என்றேன். "இன்னும் தட்டு இருக்கு."