எக்ஸ்ரே தகட்டில் திருநீறு

கையெழுத்தும் பிழைகளும் உங்களைச் சிரமப்படுத்தினால் மன்னியுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஊர் இலங்கை மலையகத்துப் பூனாகலை. பதுளையில் ஓர் ஆய்வுகூடத்தைக் கூட்டித் துடைக்கிறேன்.

அங்கே ஆராய்ச்சி செய்யும் ஒரு மிஸ், மயிரிழை போன்ற வாய்க்கால் உள்ள சின்னத் தகட்டில் சாயத்தண்ணியை, அதாவது பால் கலக்காத தேநீரை, ஓடவிட்டு, அதன் ஊடே எக்ஸ்ரே பாய்ச்சுவார். ஆறும்போது தேநீர் ஏன் கலங்குகிறது என்று பார்ப்பதற்காம்.

போன வருட ஆயுத பூசையன்று, தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் செய்வதுபோல, மெஷின்களுக்கெல்லாம் திருநீறு வைத்தேன். கூச்சத்தோடு தகட்டின் பின்பக்கமும் மெல்லிசாக ஒரு கீற்று.

அன்று மிஸ் எடுத்த எக்ஸ்ரே படத்தில் வளையம் வளையமாக விழுந்தது.

“வாய்க்காலுக்குள்ள ஏதோ பொடி அடைச்சிருக்கு. தகடு போச்சு!” என்றார் மிஸ். அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். மெஷினும் மாலை வரைதான் அவருக்கு. வேலை போய்விடுமென்று பேசாமல் இருந்தேன். மிஸ் தகட்டைக் குப்பைக்கூடையில் போடப் போனபோதுதான் வாய் திறந்தேன்.

“மிஸ், அது துன்னூறுங்க. நான்தான் வச்சேன்.”

தகட்டைத் திருப்பிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். “மெஷினுக்கு வைங்கண்ணே, வேணாங்கல. அது பாக்குற எடத்துலயா வைக்கிறது?”

துடைத்ததும் வளையங்கள் மறைந்தன. மிச்சத் திருநீற்றை வாங்கி மெஷின் கதவில் அவரே பூசினார்.

வைத்ததற்காக நான் வருந்தவில்லை. அவர் தவித்துக்கொண்டிருக்க, அத்தனை நேரம் சும்மா நின்றதுதான் இன்னும் உறுத்துகிறது.

இந்த வருட ஆயுத பூசையன்று, கதவில் திருநீறு வைத்துவிட்டு எழுதியது.