விலாங்கு மீனா, பாம்பா

தாம்பரம் மீன் மார்க்கெட்டில், ஒரு தொட்டியில் விலாங்கு நெளிந்துகொண்டிருந்தது. பார்த்ததும் கோவிலம்பாக்கத்தில் கழிந்த சிறுவயது மழைக்காலம் ஒன்று நினைவுக்கு வந்தது.

ஏரி நிரம்பித் தெருவுக்கு வந்த தண்ணீரில் அத்தா ஒரு விலாங்கைப் பிடித்து வந்தார். அம்மா சமையலறை வாசலை மறித்து நின்றாள்.

"செதிலே இல்ல, நெளியுது. இது பாம்பு. ஹராம்."

"செவுள் கீது பாரு. மீனுதான்."

அத்தாவே கொல்லையில் அடுப்பு மூட்டிப் பொரித்துத் தின்றார். விஷமாக இருக்குமோ என்று அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு துண்டு நீட்டினார். பசியாக இருந்தது. யாரை நம்புவதென்று தெரியாமல் அதைக் கையிலேயே வைத்திருந்தேன். ஆறிப்போனது.

விலாங்கு மீன் இனம்தான் என்று பிறகு பள்ளியில் படித்தேன்.

"அரை கிலோ போடவா சார்?" என்றார் கடைக்காரர்.

தலையை எந்தப் பக்கம் ஆட்டினேனோ தெரியவில்லை, அவர் கத்தியை எடுத்துவிட்டார்.