அழுக்கென்று நான் அழித்த புள்ளிகள்

போன மாதம் எங்கள் அச்சகத்தில் ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தினார்கள். காரணம்... நான்தான்!

காலண்டர் சீசனில், அதுவும் சிவகாசியில், மிஷினை நிறுத்துவது ரயிலில் சங்கிலியை இழுப்பது மாதிரி. தக்க காரணம் இல்லையென்றால் தொலைந்தோம்.

வாரத்தில் ஆறு நாள் நான் அங்கே பக்கம் வடிவமைக்கிறவள். வந்தது ஓர் இசைக் குறிப்புப் புத்தகம். சாத்தூர்ப் பக்கம் ஒரு சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் மாஸ்டர் சொந்தமாக எழுதியது. ஆர்கனுக்கு மூன்று வரிசை. அதற்கு மேலே யூஃபோனியத்துக்கு ஒரு வரிசை. யூஃபோனியம்? மடியில் வைத்து ஊதுகிற பெரிய பித்தளை வாத்தியம். கனத்த, அடித்தொண்டைக் குரல் அதற்கு.

கையெழுத்துப் பிரதி முழுக்க அழுக்கு. ஸ்கேன் செய்து, புள்ளி புள்ளியாகத் தெரிந்ததையெல்லாம் துடைத்தேன். பக்கம் பளிச்! மாஸ்டர் செல்போனில் பார்த்துவிட்டு, "அருமை, போட்டுருங்க" என்றார்.

முதல் தாள்கள் வந்தன. பைண்டிங் செக்‌ஷன் செல்வராணி – தாயில்பட்டியிலிருந்து வேனில் வருகிறவள், ஆறு வருடமாக மதியச் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் உட்காருகிறவள் – மடிக்க எடுத்த தாளை மடிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அக்கா, இங்கன ஒரு புள்ளி இருக்கணுமே?"

"எந்தப் புள்ளி?"

"இந்த நோட்டுக்குப் பக்கத்துல. ஒரு கட்டத்துக்கு மூணு எண்ணிக்கை வரணும். ரெண்டரைதான் வருது. தாள் பூரா இப்பிடித்தான் கெடக்கு."



முதலாளி அண்ணாச்சி வந்துவிட்டார். "ஏம்மா, ஆர்டர் குடுத்தவரே சரின்னுட்டாரு. காலண்டர் வேலை அம்புட்டும் நிக்குது. ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"பன்னெண்டு வருசமா எங்க சர்ச் பேண்டுல யூஃபோனியம் ஊதுறேன் அண்ணாச்சி. மிஷினை நிறுத்தச் சொல்லுங்க. நான் சொன்னது தப்புன்னா நாளைலருந்து வேலைக்கு வரல."

மாஸ்டருக்கு போன் போட்டோம். செல்வராணி மேஜையைத் தட்டித் தாளம் போட்டு, அச்சாகியிருந்தபடியே பாடினாள். மெட்டு நொண்டியது. பிறகு புள்ளிகளோடு பாடினாள். மெட்டு நிமிர்ந்து நடந்தது!

அந்தப் பக்கம் மாஸ்டர் கத்தினார்:

"ரெண்டாவதா பாடுனதுதான் நான் எழுதுனது. நிறுத்துங்க, நிறுத்துங்க! ஆமா... பாடுறது யாரு?"

மிஷின் நின்றது.

நான் அழுக்கென்று துடைத்தவற்றில் பாதி, ஸ்வரத்தை நீட்டச் சொல்லும் புள்ளிகள். இரண்டு நாள் செல்வராணி என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூலப் பிரதியைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தேன். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை!

புத்தக வெளியீடு போன ஞாயிற்றுக்கிழமை, மாஸ்டரின் சர்ச்சில். யூஃபோனியத்துக்கு ஆள் கிடைக்காமல் கீபோர்டில் சமாளிக்க இருந்த மாஸ்டர், அவளையே வாசிக்கச் சொல்லிவிட்டார். பைண்டிங் செக்‌ஷன் மொத்தமும் கம்பெனி வேனில் போய் இறங்கியது. அண்ணாச்சி நெற்றி நிறையத் திருநீறோடு முதல் பெஞ்சில்.

ஆர்கன் மெல்லத் தொடங்கியது. செல்வராணி மூச்சை இழுத்து ஊதினாள். அந்தக் கீழ் ஸ்வரம் எழுந்தபோது அதிர்ந்தது பெஞ்சா, என் நெஞ்சா? முடிந்ததும், சர்ச் என்றும் பாராமல் எங்கள் ஆட்கள் விசிலடித்தார்கள். மாஸ்டர் கோபிக்கவில்லை. அவரே எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

ஒருவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டதோடு நாம் நின்றுவிடுகிறோம், இல்லையா? செல்வராணி வீட்டுக் குழம்பில் புளி கூடினால்கூடக் கண்டுபிடிக்கிற நான், ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வாய் என்று ஒரு தடவைகூட அவளைக் கேட்டதில்லை.

வெளியே வந்ததும் அண்ணாச்சி சொன்னார்: "செல்வராணி, வர்ற ஆயுத பூஜைக்கு நம்ம கம்பெனியில இத வாசிக்கணும்."

"வாசிச்சிருவோம் அண்ணாச்சி. ஆர்கனுக்கு மட்டும் ஏற்பாடு பண்ணிருங்க!"

அண்ணாச்சி இப்போது ஆர்கனுக்கு அலைந்துகொண்டிருக்கிறார்.