நாங்கள் ஓடிய இறுதிப் போட்டி

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருக்கலாம். பெண்கள் கபடி ஆடிக்கொண்டிருப்பார்கள். திடீரென்று வெடிச் சத்தம் கேட்கும். ஒரு பக்கத்து ஆட்டக்காரிகள் அத்தனை பேரும் கோட்டைத் தாண்டி நாலாபக்கமும் தெறித்து ஓடுவார்கள். பாடி வந்த எதிரணிப் பெண் மட்டும் நடுவில் நின்று திருதிருவென்று முழிப்பாள். பச்சை பனியனில் எல்லாருக்கும் முன்னால் ஓடுகிறவள் நான். அதை வாட்ஸ்அப்பில் பரப்பிச் சிரித்தவர்கள் மேல் எனக்கு இப்போது கோபமில்லை. அப்போது இருந்தது, நிறையவே.

சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அப்போது வேலை பார்த்தேன். கம்பெனிகளுக்கு இடையே பெண்களுக்கான கபடிப் போட்டியை அந்த வருஷம்தான் முதன்முதலாக நடத்தினார்கள். பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என்று எதில் வேலை பார்க்கிறவர்களும் சேரலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம். நம் கம்பெனிக்கும் ஒரு டீம் வேண்டும் என்று மேனேஜர் முன்னால் போய் நின்றது ஒரே ஒரு ஆள்தான். சரவெடி பின்னும் ரூமில் எனக்கு எதிரே உட்காரும் அக்கா.

அக்கா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மாவட்ட அணிக்குத் தேர்வானவர். போட்டிக்குப் போவதற்குள் வீட்டில் கம்பெனி வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு கல்யாணம், பிள்ளைகள். அதைப் பற்றி அவர் புலம்பி நான் கேட்டதில்லை. ஆனால் டீ குடிக்கும் நேரத்தில் யாராவது பேச்சுவாக்கில் கபடி என்று சொன்னால் போதும், டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்.

மேனேஜர் நல்ல மனிதர்தான், கணக்குப் பார்க்கிற நல்ல மனிதர். "சீசன் நேரத்துல ஞாயித்துக்கிழமை லீவு விடுறது லேசுப்பட்ட காரியமாம்மா? சரி, ஆடுங்க. கோப்பையோட வந்தீகன்னா அடுத்த வருசமும் டீம் உண்டு. இல்லன்னா இத்தோட சரி, ஞாயித்துக்கிழமையும் வேலைக்கு வந்துரணும்" என்றார்.

எங்களுக்கு அது பெரிய பேச்சாகத் தெரியவில்லை. ஒரு சீசன் ஜாலியாகப் போனால் போதும் என்று இருந்தோம். அக்கா அப்படி இல்லை. "ஒருக்கா விட்டுட்டேன். இதையும் விட்டா என்னைய மறுபடி யாரு பிள்ள கூப்புடப் போறா?" என்று அன்றைக்கே என்னிடம் சொன்னார்.

முதல் தகராறு உடுப்பில் வந்தது. கம்பெனி வாங்கிக் கொடுத்தது பளபளவென்று பாலியஸ்டர் பனியன். ஒருத்தியும் தொடவில்லை. பருத்தியைத் தவிர வேறு துணி உடம்பில் இருந்தால் உரசிப் பொறி வரும் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த பி.டி. சார் தலையில் கைவைத்துக்கொண்டார். "மைதானத்துல ஏதும்மா வெடிமருந்து?" சார் சொல்வது நியாயம்தான், உடம்பு கேட்க வேண்டுமே. கடைசியில் பருத்தி பனியன் வந்தது. தொளதொளவென்று இருந்த அதைப் போட்டுக்கொண்டு நாங்கள் இறங்கியபோது எதிரணிப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

முதல் ஆட்டத்தில் செம அடி வாங்கினோம். பிறகு எங்கள் பலம் எங்கே என்று தெரிந்தது. நாள் முழுக்கச் சரம் பின்னுகிற கைகள். கணுக்காலைப் பிடித்தால் விடாது. பாடிப் போய்த் தொட்டுவர அக்கா, பிடித்துப் போட நாங்கள். அவ்வளவுதான் எங்கள் வித்தை. அதை வைத்தே ஒவ்வொரு கம்பெனியாகச் சாய்த்தோம். லோடு வண்டி ஓட்டும் அக்காவின் வீட்டுக்காரர் ஆரம்பத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அரையிறுதிக்கு அவரே வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம், யாரை எங்கே நிறுத்த வேண்டும் என்று அக்காவுக்கே பாடம் நடத்தினார்.

இறுதிப் போட்டி சூலக்கரைப் பக்கத்து மைதானத்தில் நடந்தது. எதிரணி திருத்தங்கல் அச்சகப் பிள்ளைகள். எல்லாம் சிட்டாய்ப் பறக்கிற சின்ன வயசுக்காரிகள். அப்படியும் பாதி ஆட்டத்துக்கு மேல் நாங்கள்தான் முன்னால் இருந்தோம். எங்கள் ஊர்க்கூட்டம் ஒரு பக்கம் கத்திக்கொண்டிருந்தது. மேனேஜரும் வெள்ளைச் சட்டையில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு களையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். எங்கள் பக்கம் ஏழு பேரும் நின்றோம். அச்சகப் பெண் ஒருத்தி பாடி வந்தாள். நான் அவள் காலைக் குறிவைத்துக் குனிந்தேன். இனி ஜெயித்த மாதிரிதான் என்று நினைத்துவிட்டார் அக்காவின் வீட்டுக்காரர். வெற்றிக்கென்று வாங்கி வந்திருந்த ஆயிரம் வாலாவை எங்கள் முதுகுக்குப் பின்னால் பற்ற வைத்தார்.

தீபாவளிக்கு நாங்களும் வெடி போடுகிறவர்கள்தான். கையில் பத்தி இருந்தால் பயமில்லை. எதிர்பாராமல் பின்னால் கேட்கிற சத்தம் வேறு. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு, சரம் பின்னச் சொல்லித் தருவதற்கு முன்பே ஓடச் சொல்லித் தந்திருந்தார்கள். சத்தம் கேட்டால் என்ன ஏது என்று பார்க்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவளைக் கூப்பிடக் கூடாது, கிட்டே இருக்கிற வாசல் வழியாக வெளியே ஓடிவிட வேண்டும். ஓடினோம். எங்களுக்குச் சமமாக எங்கள் ஊர்க்கூட்டமும் ஓடியது. திருத்தங்கல் கூட்டம் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது.

கோட்டைத் தாண்டினால் அவுட். ஏழு பேரும் அவுட். மொத்த அணியும் அவுட்டானால் எதிராளிக்குக் கூடுதல் புள்ளியும் உண்டு. நடுவர் பாவம், விதிப் புத்தகத்தில் இதற்கு வேறு வழி இல்லை. முன்னால் இருந்த நாங்கள் அந்த ஒரே தடவையில் பின்னால் போனோம். அக்காவின் வீட்டுக்காரர் வாலாவின் காகிதக் குப்பைக்கு நடுவில் பேயறைந்தவர் மாதிரி நின்றார். அக்கா அவரைத் திட்டவில்லை, பார்க்கவும் இல்லை.

அதற்குள் திருத்தங்கல் பையன்களுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. நாங்கள் பிடிக்கக் குனிகிற நேரமாகப் பார்த்துக் கூட்டத்துக்குள்ளிருந்து ஒற்றை வெடி ஒன்று போட்டார்கள். மறுபடி மூன்று பேர் வெளியே. நடுவர் மைக்கில் எச்சரித்தார். அந்தக் கூட்டத்தில் யார் போட்டது என்று யார் கண்டார்கள்?

பி.டி. சார் இடைவேளை கேட்டு எங்களைக் கூப்பிட்டார். அவருக்கு மூச்சு வாங்கியது. "அது வெறும் வெடிம்மா. சத்தம் கேட்டா நில்லுங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னா இன்னும் ஜெயிச்சுரலாம்."

நாங்கள் தலையாட்டினோம். நிற்க முடியும் என்றுதான் எனக்கும் தோன்றியது.

"அத மட்டும் சொல்லாதீக சார்" என்றார் அக்கா. அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். "சத்தம் கேட்டா ஓடுங்க பிள்ளைகளா. கோட்டப் பாக்காதீக."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. கோப்பை வேண்டும் என்று எங்களை இத்தனை வாரம் புழுதியில் உருட்டியவர் இவர்தானே?

மறுபடி இறங்கினோம். எப்படியோ தட்டுத்தடுமாறி ஒரு புள்ளி வித்தியாசத்துக்கு வந்தோம். கடைசியாகப் பாடிப் போனவர் அக்கா. வலது ஓரமாக நெருங்கிப் போய், ஒரே பாய்ச்சலில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டார். எங்கள் கூட்டம் எழுந்துவிட்டது. இனி நடுக்கோட்டுக்குத் திரும்பினால் போதும், கோப்பை எங்களுக்கு. மறிக்கவும் ஆள் இல்லை.

அப்போது வெடித்தது.

அக்கா ஒரு கணம் நின்றதை நான் பார்த்தேன். நடுக்கோடு எதிரே இருந்தது. பக்கக் கோடு அதைவிடக் கிட்டே இருந்தது. அவர் பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே ஓடினார். விசில் ஊதிவிட்டார்கள்.

அச்சகப் பிள்ளைகள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தார்கள். மைதானத்துக்கு வெளியே வேப்பமரத்தடியிலிருந்து மேனேஜர் திரும்பி வந்தார். வேட்டி எல்லாம் மண். அவரும் அந்தக் காலத்தில் ரூமில் வேலை பார்த்து மேலே வந்தவர்தான். "பேசினது பேசினதுதாம்மா. அடுத்த வருசம் டீம் கெடையாது" என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு.

"சரிங்கண்ணே" என்றார் அக்கா.

லோடு வண்டியில் ஊர் திரும்பினோம். சாத்தூர் தாண்டியதும் அக்கா அழுதார். சத்தமில்லாமல், பனியனை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, வண்டி குலுங்கக் குலுங்க அழுதார். எனக்கு ஆறுதல் சொல்ல வரவில்லை. கோபம்தான் வந்தது.

"எங்களத்தான் ஓடச் சொன்னீக, சரி. நீங்க நின்னு, மெதுவா நடுக்கோட்டுக்கு வந்திருக்கலாம்லக்கா? ஆசையாத்தான இருந்தீக?" என்றேன்.

"ஆச இல்லாமயா? எம்புட்டு ஆச தெரியுமா?" அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் நிக்கிறேனா ஓடுறேனான்னுதான ஆறு பேரும் பாத்துக்கிட்டு இருந்தீக. நான் நின்னுருந்தா நாளைக்கு ரூம்ல நீங்களும் ஒரு நிமிசம் நிப்பீகளே பிள்ள."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வேலைக்குப் போனோம்.