ரெண்டாவது தடவை கேட்காத ஊர்

செண்பகவல்லி டீச்சருக்கு இங்கிலீஷ் தெரியும். அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. இலக்கணத்தில் எதைக் கேட்டாலும் தூக்கத்தில் எழுப்பினால்கூடச் சொல்வாள். பேசச் சொன்னால்தான் வாயில் கொழுக்கட்டை. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த பெண்கள் பள்ளியில், தமிழ்வழி வகுப்புகளுக்கு அவள் வருஷக்கணக்காக இங்கிலீஷ் பாடத்தைத் தமிழிலேயே நடத்திக்கொண்டிருந்தாள். திருவனந்தபுரத்தில் அன்றைக்கு மற்ற டீச்சர்மார் அதையே மலையாளத்தில் நடத்திக்கொண்டிருந்தார்கள் என்பதால் யாரும் யாரையும் குறை சொல்ல வழியில்லை.

அவளுடைய குறை பத்தாம் வகுப்பு. அந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு எடுப்பவர்தான் இங்கிலீஷ் டீச்சர், மற்றவர்களெல்லாம் சும்மா ஒப்புக்கு. பரீட்சை முடிவு வந்தால் தாய் தகப்பன் வந்து கும்பிடுவது அவரை மட்டும்தான். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வகுப்பை எடுத்தவர் ஓய்வுபெற்றபோது, ஹெட்மிஸ்ட்ரஸ் ஏலியாம்மா செண்பகவல்லியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "பத்தாம் வகுப்பு நீங்கள் எடுக்கிறீர்களா?" என்று கேட்டார். செண்பகவல்லிக்கு உள்ளுக்குள் குதியாட்டம். ஆனால் கேட்டவுடன் சரி என்று சொல்லிவிட முடியுமா? இதற்காகவே அலைந்துகொண்டிருந்தாள் என்று நினைக்கமாட்டார்களா? அவள் பிறந்து வளர்ந்த வீட்டில் தோசையானாலும் சரி, பட்டுப்புடவையானாலும் சரி, முதல் தடவை வேண்டாம் என்பதுதான் மரியாதை. கொடுப்பவர் விடாமல் கேட்க வேண்டும், வாங்குபவர் சலித்துக்கொண்டு வாங்க வேண்டும். ஆகவே, "ஐயோ, எனக்கு எதுக்கு டீச்சர், வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்காகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அடுத்த கேள்வி வரவில்லை. ஏலியாம்மா "சரி" என்றார். வேறு ஏதோ காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டார். அறையை விட்டு வெளியே வந்த பிறகும் செண்பகவல்லி வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றாள், திரும்பக் கூப்பிடுவார் என்று.

அந்த வாரமே பத்தாம் வகுப்பு அனந்தலக்ஷ்மிக்குப் போய்விட்டது. அனந்தலக்ஷ்மி ஸ்ரீவராகத்திலிருந்து வருகிறவள், வயதிலும் சர்வீஸிலும் இளையவள், அதுவரை செண்பகவல்லியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பாத்திரத்தை மாற்றிக்கொண்டவள். செண்பகவல்லிக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. வீட்டில் சொல்லி அழுதபோது, கணவரின் அக்கா முத்தாரம்மாள் ஒரே வரியில் தீர்ப்பெழுதினாள். "அவ பின்வாசல் வழியா போய்க் கேட்டிருப்பா. ஒனக்குச் சூதுவாது கெடையாது."

அன்றோடு பேச்சு முறிந்தது. அனந்தலக்ஷ்மி ஏதோ சொல்ல வந்தபோதெல்லாம் செண்பகவல்லி சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அப்படிப் போகும்போது நடையில் ஒரு கம்பீரம் வேறு. கோபத்தில் தான் அழகாக நடப்பதாக அவளுக்கு ஓர் எண்ணம் உண்டு.

இப்படியே ஓய்வுபெற வேண்டியவள் இங்கிலாந்துக்குப் போனதற்குக் காரணம் கணவர் கோமதிநாயகம். சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கெழுதுகிற மனிதர். எழுபத்து நான்காம் வருஷம், இங்கிலீஷ் ஆசிரியர்களுக்கு லீட்ஸ் நகரத்தில் ஒரு குறுகிய பயிற்சி, செலவெல்லாம் அவர்களுடையது என்று பள்ளிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. செண்பகவல்லி அதை வீட்டில் ஒரு வேடிக்கைபோலச் சொன்னாள். அவர் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. விண்ணப்பத்தைத் தானே நிரப்பிக் கையெழுத்துக்கு நீட்டினார்.

"நீ வேண்டாம்னு சொல்லதுக்கு முன்னாலயே நான் எழுதியாச்சு, கேட்டியா? ஒப்பு போடு."

போட்டாள். கிடைக்காது என்ற தைரியத்தில்தான் போட்டாள். கிடைத்துவிட்டது. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தபோதுகூட அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. விமானத்தில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைக் கட்டிய பிறகுதான் வந்தது.

லீட்ஸில் அவளுக்குத் தங்க இடம் கொடுத்தவர் மிஸஸ் ஆர்மிட்டேஜ் என்ற விதவை. உயரமான, எலும்பு துருத்திய பெண்மணி. வந்திருப்பவள் சுத்த சைவம் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அதனால் முதல் நாள் மாலையில் வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கும் பட்டாணியும் செய்து வைத்திருந்தார். தட்டில் ஒரு கரண்டி வைத்தார். செண்பகவல்லி அதைச் சாப்பிட்டு முடித்ததும், "இன்னும் கொஞ்சம் வேண்டுமா?" என்றார்.

நல்ல பசி. ரெண்டு நாள் பயணத்தில் சரியாக ஒன்றும் உள்ளே போகவில்லை. "நோ, நோ, தேங்க் யூ" என்றாள் செண்பகவல்லி, மிகவும் மரியாதையாக.

மிஸஸ் ஆர்மிட்டேஜ் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

செண்பகவல்லி திகைத்துப்போய் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்திரம் திரும்பி வரவில்லை. உள்ளே தண்ணீர் திறந்துவிட்டுக் கழுவும் சத்தம்தான் வந்தது.

மறுநாளும் அதே கதை. இன்னொரு கம்பளி வேண்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றாள், கம்பளி அலமாரிக்குள் போய்விட்டது, விடிய விடிய வெடவெடத்தாள். குளிக்க வெந்நீர் போடட்டுமா என்றார், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றாள், போடவில்லை. கொண்டுபோன முறுக்கும் பருப்புப்பொடியும்தான் உயிரைப் பிடித்து வைத்திருந்தன. வகுப்பில் சொல்லிக்கொடுத்தது ஒன்றும் காதில் ஏறவில்லை. மனசெல்லாம் ஒரே ஆத்திரம். வெள்ளைக்காரிக்கு ஒரு கருப்பச்சியின் வயிற்றைப் பற்றி என்ன கவலை என்று நினைத்தாள். இவ்வளவு கல்நெஞ்சை அவள் ஜென்மத்தில் பார்த்ததில்லை.

அந்த வாரக் கடைசியில் முறுக்கு தீர்ந்தது. அன்று மாலையும் அதே உருளைக்கிழங்கு, அதே கேள்வி. செண்பகவல்லியின் வாய் பழக்கதோஷத்தில் "நோ, தேங்க் யூ" என்றது. மிஸஸ் ஆர்மிட்டேஜ் பாத்திரத்தோடு எழுந்தார். ஆவி பறக்கும் வெண்ணெய் வாசனை கதவை நோக்கி நகர்ந்தது.

"ஸ்டாப்" என்றாள் செண்பகவல்லி.

தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. ஐந்தாம் வகுப்பை அடக்குகிற குரல் அது. அதற்குப் பிறகு இங்கிலீஷ் தானாக வந்தது, இலக்கணத்தை எதிர்பார்க்காமல், அணை திறந்துவிட்ட மாதிரி. பாத்திரத்தை இங்கே கொண்டு வாருங்கள். எனக்குப் பசிக்கிறது. வந்த நாளிலிருந்து பசிக்கிறது. குளிருகிறது. எங்கள் ஊரில் ஒரு நாயைக்கூட இப்படி விடமாட்டோம்.

மிஸஸ் ஆர்மிட்டேஜின் முகத்தில் ஈயாடவில்லை. பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் ஒவ்வொரு நாளும் கேட்டேனே. நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள்?"

"நீங்கள் ரெண்டாவது தடவை கேட்கவில்லை."

"எப்படிக் கேட்பேன்?" அந்த அம்மாள் நிஜமாகவே கலங்கிப்போயிருந்தார். "வேண்டாம் என்று சொன்னவரிடம் திரும்பக் கேட்டால், உங்கள் வார்த்தையை நான் நம்பவில்லை என்று ஆகிவிடாதா? நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று உங்கள் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி அல்லவா அது?"

  தட்டில் மலைபோல உருளைக்கிழங்கு வந்து விழுந்தது, அதைச் செண்பகவல்லி பார்க்கவில்லை. ஐயாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளியில், ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில், ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு அடுத்த கேள்விக்காக நிற்பதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏலியாம்மா இளம் வயதில் ரெண்டு வருஷம் எடின்பரோவில் படித்தவர். அங்கே எடுத்த படம் அவர் நாற்காலிக்கு மேலேயே மாட்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கே தெரியும். இத்தனை வருஷத்தில் அது ஒரு தடவைகூடத் தன் புத்தியில் உறைக்கவில்லையே என்று அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரும் தட்டிப் பறிக்கவில்லை. தானே வேண்டாம் என்று கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

அன்று அவள் சாப்பிட்டாள். அழுதுகொண்டே, மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். பசியில் அழுகிறாள் என்று நினைத்து மிஸஸ் ஆர்மிட்டேஜும் மூக்கைச் சிந்தினார்.

அதன்பிறகு அவள் இங்கிலீஷைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. வெந்நீர் கேட்டாள், கம்பளி கேட்டாள், உருளைக்கிழங்கில் மிளகு போடச் சொன்னாள், அப்புறம் தானே அடுக்களைக்குள் போய்ப் போட்டாள். கடையில் வாங்கிய குடை ரெண்டாம் நாளே கம்பி தெறித்தபோது, அதைக் கொண்டுபோய்க் கடைக்காரர் முன் விரித்துக் காட்டி வேறு வாங்கி வந்தாள். வகுப்பில் முதலில் கை தூக்குகிறவள் அவள்தான். அவள் பேச்சில் தப்பு வந்தது, யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் மிஸஸ் ஆர்மிட்டேஜே பேசுகிற இங்கிலீஷை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் செண்பகவல்லி சிவப்பு மையால் பாதியை அடித்திருப்பாள். இதைக் கண்டுபிடித்த அன்று அவளுக்கு ஏற்பட்ட அதிர்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. சொந்த பாஷையையே இவ்வளவு அலட்சியமாகப் பேசுகிறவர்களுக்கா இத்தனை காலம் பயந்தோம் என்று நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஊர் திரும்பினாள். வந்த மறுநாள் முத்தாரம்மாள் வீட்டில் விருந்து. "இன்னும் ஒரு தோசை வைக்கட்டா?" என்று கேட்டபோது செண்பகவல்லி, "ரெண்டா வையுங்க மைனி" என்றாள். முத்தாரம்மாள் தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். சீமைக்குப் போய்விட்டு வந்தவளுக்கு வெட்கம் போய்விட்டது என்ற செய்தி பொழுது சாய்வதற்குள் சொந்தக்காரர்கள் வீடெல்லாம் சுற்றி வந்தது.

பள்ளி திறந்த அன்று அவள் நேராக ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குப் போனாள். இங்கிலீஷில்தான் பேசினாள். ஏலியாம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார், சத்தம் வேறு யாரிடமிருந்தாவது வருகிறதா என்பதுபோல.

"எனக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். அன்றைக்கும் வேண்டும் என்றுதான் வேண்டாம் என்றேன். எங்கள் வழக்கம் அது. நீங்கள் இன்னொரு தடவை கேட்பீர்கள் என்று நின்றேன்."

ஏலியாம்மா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு அவரும் இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார்: "இதையேதான் அவளும் சொன்னாள்."

"எவள்?"

"அனந்தலக்ஷ்மி. அன்று சாயங்காலமே இங்கே வந்து நின்றாள். செண்பகவல்லி டீச்சரை இன்னொரு தடவை கேளுங்கள், அவர்கள் முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், மனசுக்குள் ஆசைப்படுகிறார்கள் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஒரு பெண் சொன்ன வார்த்தையை மதிக்க வேண்டாமா என்று கேட்டேன். மறுநாளும் வந்தாள். நீ எடுக்காவிட்டால் வெளியிலிருந்து ஆள் போட்டுவிடுவேன் என்றேன். அதற்குப் பிறகுதான் எடுத்தாள். உங்களிடம் சொல்லியிருப்பாள் என்றல்லவா நினைத்தேன்?"

 லீட்ஸில் பட்டதெல்லாம் ஓர் அதிர்ச்சியா என்று செண்பகவல்லிக்குத் தோன்றியது. அனந்தலக்ஷ்மி அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறாள். சாக்பீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு எத்தனை தடவை கம்பீரமாக வெளியே நடந்தோம் என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

"பத்தாம் வகுப்பு ஜூனிலிருந்து உங்களுக்குத்தான்" என்றார் ஏலியாம்மா. "அவள் வீட்டுக்காரருக்குப் பம்பாய்க்கு மாற்றல். மார்ச்சோடு விலகுகிறாள். உங்கள் பெயரைத்தான் சொல்லியிருக்கிறாள்."

அன்று சாயங்காலம் செண்பகவல்லி ஸ்ரீவராகத்துக்குப் போனாள். கதவைத் திறந்த அனந்தலக்ஷ்மிக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. வாங்கோ என்று சொல்லிக் கதவை அகலத் திறந்தாள்.

"ஹெட்மிஸ்ட்ரஸ் எல்லாம் சொன்னாங்க" என்றாள் செண்பகவல்லி. "நான் ஒரு மடச்சி. இத்தனை வருஷம் ஒங்கள ஒரு வார்த்தை பேச விடல. மன்னிச்சிருங்க."

அனந்தலக்ஷ்மி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போட்டும் விடுங்கோ. காபி சாப்பிடறேளா?"

"குடுங்க."

காபி வந்தது. குடித்தாள். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பம்பாய் போறதுக்குள்ள ஒரு நாள் நீங்க எங்க வீட்டுக்கு வந்து சாப்பிடணும்" என்றாள்.

"ஐயோ, அதெல்லாம் எதுக்கு? வேண்டாம்" என்றாள் அனந்தலக்ஷ்மி.

செண்பகவல்லி அவள் முகத்தைப் பார்த்தாள். பள்ளியில் பாத்திரம் மாற்றிச் சாப்பிட்டது வேறு; அக்ரஹாரத்துப் பெண், பிள்ளைமார் வீட்டில் வந்து சாப்பிடுவாளோ மாட்டாளோ. அந்த வேண்டாம் நிஜமானதா, மரியாதைக்கா, பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. மிஸஸ் ஆர்மிட்டேஜாக இருந்தால் பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். செண்பகவல்லி டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தாள். மறுத்துவிட்டால் எப்படி எழுந்து போவது என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

"இல்ல, நீங்க வரணும்" என்றாள் ரெண்டாவது தடவை.

அனந்தலக்ஷ்மி காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். செண்பகவல்லி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

"ஞாயித்துக்கிழமை வரட்டுமா?" என்று அங்கிருந்தே கேட்டாள் அனந்தலக்ஷ்மி.